கேபிளுக்குக் கேட்டது லோகோ பைலட்டுக்கும் கேட்க வேண்டும்

தெற்கு ரயில்வே பாலக்காடு கோட்ட அதிகாரிகளுக்கும், கோவை வனக்கோட்ட அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் மதுக்கரையைச் சேர்ந்தவன். 20 வருஷத்துக்கும் மேலாக ஃபைபர் கேபிள் ஜாயின்ட் அடிக்கும் வேலை பார்த்தேன். எங்காவது ஜேசிபி தோண்டும்போது கேபிளை அறுத்துவிட்டால் நடுராத்திரியில் போன் வரும். இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினையும், அறுந்த இடத்தைக் காட்டும் ஓடிடிஆர் கருவியையும் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். நான் இன்ஜினியரிங் படித்தவன் இல்லை. ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் கண்ணாடி இழை எப்படி நடந்துகொள்ளும் என்பது என் கைக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தண்டவாளத்தின் ஓரமாகக் கிடக்கும் ஃபைபர் கேபிளையே காதாக்கி, யானை வருவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு ரயில்வே ‘கஜராஜ்’ என்று பெயர் வைத்திருக்கிறது. 2022 கடைசியில் வடகிழக்கு எல்லை ரயில்வேயில் இது சோதனையாகத் தொடங்கியது. மேற்கு வங்கத்தில் சால்சா–ஹாசிமாரா பாதை, அசாமில் லங்கா–ஹபாய்பூர் பாதை. 2023 நவம்பரில், காட்டுக்குள் போகும் சுமார் 700 கி.மீ. பாதைக்கு 181 கோடி ரூபாயில் இதைக் கொண்டுபோகப் போவதாக ரயில்வே அமைச்சர் அறிவித்தார். தமிழ்நாடும் கேரளமும் அந்தப் பட்டியலில் இருந்தன. நம் கோட்டேகாடு–மதுக்கரைப் பாதைக்கும் இது வருகிறது என்று செய்தியில் படித்த அன்று, எனக்கு அப்படியொரு சந்தோஷம். நான் வாழ்நாளெல்லாம் தொட்டுப் பழகிய அந்த இழை ஒரு யானையின் உயிரைக் காப்பாற்றப் போகிறதே!

சந்தோஷத்தோடு கொஞ்சம் பயமும் வந்தது. அந்தப் பயத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

2021 நவம்பர் 26 இரவு நவக்கரைப் பக்கம் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மங்களூரிலிருந்து சென்னைக்குப் போன எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் செத்தன. அதில் ஒன்று சினையாக இருந்தது. மறுநாள் காலையில் நானும் போய் நின்றேன். யாரோ ஒரு பாட்டி ஒரு முழம் பூவைக் கொண்டுவந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதற்கப்புறம் ரயிலின் வேகப் பதிவு யார் கையில் இருக்க வேண்டும் என்று உங்கள் இரண்டு துறைகளுக்கும் நடந்த இழுபறி பத்திரிகைகளில் வந்தது. அதை இங்கே கிளறுவது யாரையும் குத்திக்காட்ட இல்லை. தகவல் இரண்டு துறைக்கும் பொதுவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் கிடையாது.

நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை இது. 2009-10 முதல் 2020-21 வரை நாடு முழுக்க ரயில் மோதி 186 யானைகள் இறந்ததாக ஒன்றிய அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது. அசாமில் 62, மேற்கு வங்கத்தில் 57. ஜல்பாய்குரி மாவட்டத்தில் 2010 செப்டம்பரில் ஒரே இரவில் 7 யானைகள். அதே மாவட்டத்தில் 2013 நவம்பரில் மறுபடியும் 7. இலங்கையில் ஹபரணைக்கு அருகே 2025 பிப்ரவரி 20 அதிகாலையில் பயணிகள் ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. ரயிலும் தடம் புரண்டது. கடைசியாகச் சொன்ன மூன்றும் இருட்டு நேரம், மூன்றிலும் கூட்டமாகக் கடந்த யானைகள். குட்டி தண்டவாளத்தில் தயங்கினால் தாய் அதை விட்டுப் போகாது. தாய் நின்றால் மற்றவையும் நிற்கும்.

கேபிளுக்கு எப்படிக் காது கேட்கும் என்று இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஃபைபர் இழை தலைமுடி பருமன்தான், 125 மைக்ரான். அதிலும் வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான். எவ்வளவு சுத்தமாக வார்த்த கண்ணாடியாக இருந்தாலும் அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு முனையிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பினால், வழி நெடுக அந்த ஏற்ற இறக்கங்களில் பட்டு, துளித்துளியாக வெளிச்சம் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ராலே சிதறல் என்பார்கள். நான் வைத்திருந்த ஓடிடிஆர் இதை வைத்துத்தான் கேபிள் எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டும். கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்த் திரும்ப ஆன நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும்.

கஜராஜில் இருப்பதும் அந்தக் கருவியின் வம்சம்தான், ஆனால் பல மடங்கு நுட்பமானது. திரும்பும் வெளிச்சம் எவ்வளவு என்பதோடு, அந்த ஒளியலை எந்த நிலையில் திரும்புகிறது என்பதையும் இது பார்க்கிறது. மேலே யாராவது நடந்தால் மண் அதிரும். மண்ணோடு சேர்ந்து இழையும் கண்ணுக்கே தெரியாத அளவு இழுபட்டுச் சுருங்கும். அந்த இடத்திலிருந்து வரும் அலை அதற்கேற்ப முன்னும் பின்னும் நகரும். 40 கி.மீ. கேபிளில் வெளிச்சம் போய்த் திரும்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் 2,500-இல் ஒரு பங்கு. ஆக, நொடிக்கு 2,500 தடவை கேபிள் முழுவதையும் தடவிப் பார்க்கலாம். 10 மீட்டருக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொண்டால் 40 கி.மீட்டரில் 4,000 காதுகள். மண்ணில் புதிதாக எதையும் புதைக்க வேண்டாம். கேபிளுக்குள் இருக்கும் பல இழைகளில் சும்மா கிடக்கும் ஒன்றும், ஸ்டேஷன் அறையில் ஒரு பெட்டியும் இருந்தால் வேலை நடக்கும். ரெயில்டெல் நிறுவனம் நாடு முழுக்கத் தண்டவாளத்தை ஒட்டி 60,000 கி.மீ.க்கு மேல் கேபிள் இழுத்து வைத்திருக்கிறது என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய சாத்தியம் என்று புரியும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1928-இல் கண்டுபிடித்த சிதறலும் இதே இழைக்குள் நடக்கிறது. அதை வைத்து இழை நெடுக வெப்பத்தை அளந்து, சுரங்கப் பாதையில் எந்த இடத்தில் தீப்பிடித்தது என்று சொல்லும் கருவிகள் இருக்கின்றன. யானைக்குப் பயன்படுவது ராலே சிதறல், ராமன் சிதறல் இல்லை. இருந்தாலும் யானை பூஜித்த தலம் என்று பெயர் பெற்ற ஊரில் பிறந்தவரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எண்ணெய்க் குழாயில் ஓட்டை போட்டுத் திருடுகிறவர்களைக் கண்டுபிடிக்க இந்தியாவிலேயே இதே முறை ஏற்கெனவே வேலை செய்கிறது. ஆகவே நுட்பத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதைச் சுற்றி நாம் செய்யப்போகும் வேலையின் மேல்தான்.

முதலில் கேபிள். பேப்பரில் இருக்கும் கேபிளும் மண்ணில் இருக்கும் கேபிளும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நான் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு வேலை பார்த்தபோது, ஒரு இடத்தில் கட் ஆன கேபிளைத் தேடிப் போனேன். வரைபடத்தில் ஒன்றரை மீட்டருக்கும் கூடுதலான ஆழம் என்று எழுதியிருந்தது. மண்வெட்டியை நாலு தடவை போட்டதும் குழாய் தட்டியது. முழங்கால் ஆழம்கூட இல்லை. கீழே பாறை வந்ததும் அதற்கு மேல் தோண்டாமல் மூடிவிட்டு, ஆழமாகப் போட்டதாகக் கணக்கு எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மேலதிகாரிகளிடம் சொன்னேன். “உனக்கு எதுக்குப்பா அந்த வேலை, ஜாயின்ட் அடிச்சமா, லைன் வந்துச்சா, அவ்வளவுதான்” என்றார்கள். போன் பேசுவதற்கும் இன்டர்நெட்டுக்கும் ஆழம் முக்கியமில்லை, சிக்னல் போனால் சரி. காது கேட்க வேண்டிய கேபிளுக்கு ஆழம் முக்கியம். மண் அதைச் சுற்றி எப்படி இறுகியிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். பிளாஸ்டிக் குழாய்க்குள் தொளதொளவென்று கிடக்கும் கேபிளுக்கு மண்ணின் அதிர்வு பாதிகூட வந்து சேராது. பாலத்தின் பக்கவாட்டில் இரும்புக் குழாய்க்குள் தொங்கும் இடத்தில் யானையின் காலடியைவிடக் காற்றின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

அப்புறம், ஜாயின்ட் குழிகள். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் பின்னால் உதவும் என்று பத்து இருபது மீட்டர் கேபிளைச் சுருட்டி வைப்போம். நானே நூற்றுக்கணக்கான குழிகளில் சுருட்டி வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு அந்தச் சுருளும் தூரம்தான். 10 சுருள் தாண்டினால் கேபிள் கணக்கில் 200 மீட்டர்வரை கூடிவிடும். கருவி சொல்லும் 12-வது கி.மீட்டரும் உங்கள் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் 12-ம் வேறு வேறு இடம். இதைச் சரிசெய்ய வழி ரொம்ப எளிது. ஒரு ஆள் சுத்தியலோடு பாதை ஓரமாக நடந்து, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை தரையில் தட்ட வேண்டும். கருவியில் அது எந்த மீட்டரில் விழுகிறது என்று இன்னொரு ஆள் எழுதிக்கொள்ள வேண்டும். சலிப்பான வேலை, நாலைந்து நாள் ஆகும். இதை முழுப் பாதைக்கும், ஏ லைன், பி லைன் என்ற இரண்டு தண்டவாளங்களிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். காட்டுக்குள் இரண்டு லைனும் பிரிந்து போகும் இடத்தில் ஒன்றின் ஓரமாகக் கிடக்கும் கேபிள் மற்றொன்றுக்கு வரும் யானையைக் கேட்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

தட்டிப் பார்க்கும்போது எந்த இடமெல்லாம் மந்தமாகக் கேட்கிறது என்றும் தெரிந்துவிடும். அங்கெல்லாம் புதிதாகக் கேபிளை நேரடியாக மண்ணில் பதித்து இறுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அடுத்தது யானையின் கால். யானை நடந்தால் நிலம் அதிரும் என்று நினைப்பவர்கள் காட்டோரம் இருந்து பார்க்காதவர்கள். ஒரு தடவை எட்டிமடைப் பக்கம் ராத்திரி ஒரு மணிக்குக் குழிக்குள் உட்கார்ந்து ஸ்ப்ளைஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். டார்ச்சைத் திருப்பினால், முப்பது அடியில் ஒரு யானை நிற்கிறது. எப்போது வந்தது, எந்தப் பக்கமாக வந்தது, எதுவும் தெரியாது. ஒரு சருகுச் சத்தம்கூட இல்லை. மூன்று நான்கு டன் எடையைத் தாங்கும் பாதத்துக்கு அடியில் கொழுப்பு மெத்தை இருக்கிறது. ஒவ்வொரு அடியும் மெத்தென்று அமுங்கித்தான் விழும். அது என்னைப் பார்த்துவிட்டு, தன்பாட்டுக்குத் திரும்பிப் போனது. விடிகிறவரை என் கை நடுக்கம் நிற்கவில்லை, அந்த ஜாயின்ட்டை மறுநாள் இன்னொருவர்தான் முடித்தார்.

கருவிக்கும் இதே கஷ்டம் உண்டு. ஓடுகிற மனிதனின் செருப்புச் சத்தம் கூர்மையாகப் பதியும். யானையின் நடை மெதுவான, அடிக்குரலான அதிர்வாகப் பதியும். இரண்டையும் பிரித்தறிய கணினிக்குப் பழக்கம் வேண்டும், அதுவும் நம் மண்ணில் நடந்த யானையின் பதிவை வைத்து. அசாமின் வண்டல் மண்ணில் கற்றுக்கொண்டதை எடுத்து வந்து வாளையாரின் பாறையும் செம்மண்ணும் கலந்த நிலத்தில் வைத்தால், அது திரும்பவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்றை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் அது வெறும் சொலவடை இல்லை. மரம் ஆடினால் வேர் ஆடும், மின்கம்பம் ஆடினால் அடி ஆடும், எல்லாமே கேபிளுக்குக் கேட்கும். பக்கத்தில் தேசிய நெடுஞ்சாலை 544, அதில் ராத்திரி முழுக்கக் கேரளத்துக்குப் போகும் லாரிகள். மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்கள். மேய்ச்சல் மாடுகள். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே ஒரு மெத்தென்ற காலடியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே தை மாதத்தின் அமைதியான ஒரு காலையில், பழக்கிய யானையைப் பாகனோடு நடக்கவிட்டுச் சோதனை வெற்றி என்று அறிவித்துவிடாதீர்கள். ஆனி, ஆடியில் காற்றும் மழையும் அடிக்கும் ராத்திரியில் சோதித்துப் பாருங்கள். ஒரு ரயில் கடந்து முடிந்த அடுத்த நிமிஷத்தில் சோதித்துப் பாருங்கள். ரயில் போகும்போது அதன் அதிர்வு அந்த இடத்தில் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். ஏ லைனில் ஒரு ரயில் போகும்போதே பி லைன் பக்கம் யானை வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சரி, இதெல்லாம் நன்றாக அமைந்துவிட்டது, கேபிளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றே வைத்துக்கொள்வோம். என் பயத்தின் பெரிய பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

யானை சாதாரணமாக நடந்தால் மணிக்கு 5 கி.மீ. போகும் என்று வைப்போம். அதாவது நிமிஷத்துக்கு 80 மீட்டர் சொச்சம். தண்டவாளத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி வரும்போது கேபிளுக்குக் கேட்டுவிட்டால், முக்கால் நிமிஷத்துக்குள் அது தண்டவாளத்தில் நிற்கும். இப்போது ரயிலின் கணக்கு. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நிமிஷத்தில் 750 மீட்டர் போய்விடும். 100 கி.மீ. வேகம் என்றால் ஒரு நிமிஷத்தில் 1,650 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் வரும் நீளமான எக்ஸ்பிரஸ் அவசர பிரேக் போட்டால்கூட நிற்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேண்டும்.

எச்சரிக்கை என்ன வழியில் போகும்? பெட்டியிலிருந்து கட்டுப்பாட்டு அறையின் திரைக்கு. திரையைப் பார்த்தவர் செக்‌ஷன் கன்ட்ரோலருக்கு. அவர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு. ஸ்டேஷன் மாஸ்டர் வாக்கிடாக்கியில் ரயிலை ஓட்டும் லோகோ பைலட்டைக் கூப்பிட வேண்டும்; காட்டு வளைவில் அது ஒரே தடவையில் கிடைக்காது. ஒவ்வொரு கையிலும் அரை நிமிஷம் தங்கினால் இரண்டு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷத்தில் 45 கி.மீ. வேக ரயில் ஒன்றரை கிலோமீட்டரையும், 100 கி.மீ. வேக ரயில் மூன்றே கால் கிலோமீட்டரையும் கடந்திருக்கும். ஏ லைனோ பி லைனோ காட்டுக்குள் போகும் தூரமே சில கிலோமீட்டர்தான். செய்தி லோகோ பைலட்டுக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

நவக்கரை விபத்துக்குப் பிறகு எல்லாரும் லோகோ பைலட்டைத்தான் ஏசினார்கள். ரயில் ஓட்டும் ஒருவரை எனக்குத் தெரியும். காட்டுப் பாதையில் யானையின் கண் மினுங்குவதைக் கடைசி நொடியில் பார்த்து, பிரேக்கைப் பிடித்துவிட்டு, இனி தன் கையில் எதுவும் இல்லை என்று உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நொடிகளைப் பற்றி அவர் ஒருநாள் சொன்னார். அன்றைக்கு யானை தப்பித்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த இடம் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும் என்றார். இந்தக் கேபிள் அவருக்குத்தான் முதலில் பேச வேண்டும். அதற்குப் பிறகு மற்ற எல்லாத் திரைகளுக்கும் பேசட்டும்.

அதனால் என் முதல் கோரிக்கை இது. கருவி யானை என்று முடிவு செய்த நொடியிலேயே, நடுவில் ஆள் யாரும் இல்லாமல், அந்தப் பகுதிக்குள் வரும் ரயிலின் இன்ஜினுக்குள் விளக்கோ ஒலியோ வரும்படி செய்யுங்கள். காட்டின் இரண்டு முனையிலும் தனி எச்சரிக்கை விளக்குக் கம்பம் வைத்தால்கூட நல்ல தொடக்கம்தான். ரயில்கள் மோதாமல் தானாகவே பிரேக் போடும் கவச் பாதுகாப்பு முறை இந்தப் பாதைக்கு வரும்போது, அதோடு இதையும் இணைத்து வேகம் தானாகவே குறையும்படி அமைக்க முடியுமா என்று இப்போதே பேசத் தொடங்குங்கள். எல்லாம் அமைத்து முடித்த பிறகு இணைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது துறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியும்.

இங்கே பொய் எச்சரிக்கையைப் பற்றியும் பேசியாக வேண்டும். புலி வருது புலி வருது என்று கத்திய பையன் கதை எல்லாருக்கும் தெரியும். மாடு மேய்ந்ததற்கும் தண்டவாளத்தைச் சோதிக்கும் கீமேன் நடந்ததற்கும் ராத்திரிக்கு பத்துத் தடவை விளக்கு எரிந்தால், பதினோராவது தடவை யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பொய் எச்சரிக்கைக்குப் பயந்து கருவியின் உணர்திறனைக் குறைத்துவிட்டால், உண்மையான யானையைத் தவறவிடும். இதற்கு ஒரே தீர்வு, கேபிள் கேட்டதை இன்னொரு கண் உறுதி செய்வது.

அந்தக் கண் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் 7.24 கோடி ரூபாய் செலவில் 12 கோபுரங்களில் 24 கேமராக்களை நிறுத்தியது. வெப்பத்தைப் பார்க்கும் கேமராக்களும் அதில் உண்டு, இருட்டிலும் யானையை அடையாளம் காணும். அந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கேமராவுக்கு உள்ள குறை, உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் நிற்பதை அது பார்க்காது. பனி மூடினாலும் திணறும். கேபிளுக்குப் புதரும் பனியும் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அதற்கு முகம் தெரியாது. ஒன்றுக்கு இல்லாதது மற்றதிடம் இருக்கிறது. 1,342-வது துண்டில் ஏதோ நடக்கிறது என்று கேபிள் சொன்னதும், பக்கத்துக் கோபுரத்தின் கேமரா அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இதற்கு ரயில்வேயின் கருவியும் வனத்துறையின் கருவியும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பாலக்காட்டில் ஒரு திரை, மதுக்கரையில் ஒரு திரை, நடுவில் ஒரு வாட்ஸ்அப் குரூப் என்று இதை விட்டுவிடாதீர்கள். இது என் இரண்டாவது கோரிக்கை. இரண்டு துறைத் தலைவர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேபிள் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் கேபிள் அறுபடாத வருஷமே கிடையாது. அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் கருவி மொத்தமாகச் செவிடாகிவிடும். இரண்டு முனையிலும் பெட்டி வைத்தால், அறுந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டுக்கொண்டிருக்கும். அது செலவு என்றால், குறைந்தபட்சம் கேபிள் செவிடான அந்த நிமிஷத்திலேயே அந்தப் பாதையின் எல்லா ரயில்களுக்கும் வேகக் குறைப்பு உத்தரவு தானாகப் போக வேண்டும். இன்னொரு சின்ன விஷயம். கருவியோடு இணைக்கும் முனையில் பச்சைத் தலை கொண்ட, சாய்வாகத் தேய்த்த கனெக்டரையே போடச் சொல்லுங்கள். நீலத் தலையைச் செருகிவிட்டால் அங்கிருந்து திரும்பும் பளிச்சென்ற வெளிச்சத்தில் பக்கத்துத் துளிகள் தெரியாமல் போய்விடும். இந்த மாதிரி அற்பமான இடத்தில்தான் பெரிய திட்டங்கள் கோட்டைவிடும்; கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கருவி வந்துவிட்டதே, இனி ராத்திரி வேகக் கட்டுப்பாடு எதற்கு என்று யாராவது ஒரு கூட்டத்தில் கண்டிப்பாகக் கேட்பார்கள். ரயில் நேரத்துக்குப் போக வேண்டும் என்ற கவலை நியாயமானதுதான், நானும் அந்த ரயிலில் போகிறவன்தான். இருந்தாலும் மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். வேகம் குறைவாக இருக்கும்போதுதான் எச்சரிக்கைக்கு அர்த்தமே இருக்கிறது. குறைந்தது இரண்டு முழு வருஷம், இரண்டு ஆடி மாதம் தாண்டும்வரை, அந்தக் கட்டுப்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

ஆட்களையும் குறைக்க வேண்டாம். தண்டவாள ஓரமாக ராத்திரி முழுக்க டார்ச்சோடு நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் இங்குள்ள பழங்குடி ஊர்களைச் சேர்ந்தவர்கள். மிகக் குறைந்த சம்பளத்துக்கு ஒப்பந்த முறையில் வேலை பார்ப்பவர்கள். எந்தக் கூட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கணினிக்கும் தெரிய இன்னும் பல வருஷம் ஆகும். கணினி “யானை” என்று சொன்னது யானைதானா என்று முதல் வருஷத்தில் சரிபார்த்துச் சொல்லவும் அவர்கள்தான் வேண்டும். அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனிச் சம்பளம் கொடுங்கள். கருவி வந்ததைக் காட்டி ஒருவரையாவது வீட்டுக்கு அனுப்பினால் அது பெரிய அநியாயம்.

மனிதர்களின் காலடியும் இந்தக் கேபிளுக்குக் கேட்கும். தண்டவாளத்தை ஒட்டிய ஊர்களில் யார் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பதெல்லாம் பதிவாகும். விறகுக்குப் போகும் பெண்களின் மேலும், குறுக்கு வழியில் வீட்டுக்குப் போகும் கூலிக்காரர்களின் மேலும் வழக்குப் போட இந்தப் பதிவை எடுக்க மாட்டோம் என்று எழுத்தில் சொல்லுங்கள். யானைக்காக வைத்த காது யானைக்காகவே இருக்கட்டும். தண்டவாளத்தில் யாராவது சிக்கியிருந்தால், பாறை உருண்டு விழுந்திருந்தால் காப்பாற்றப் பயன்படுத்தினால் ஊரே உங்களை வாழ்த்தும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதை மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மாதத்துக்கு ஒரு பக்கம், தமிழிலும் மலையாளத்திலும் வெளியிடுங்கள். எத்தனை எச்சரிக்கை வந்தது, அதில் எத்தனை உண்மையான யானை, எத்தனை தடவை யானை கடந்தும் கருவி வாய் திறக்கவில்லை, கருவி யானையைக் கண்ட நொடிக்கும் லோகோ பைலட்டுக்குச் செய்தி சேர்ந்த நொடிக்கும் எத்தனை நொடி இடைவெளி, எத்தனை மணி நேரம் கேபிள் அறுந்து கிடந்தது. இந்த ஐந்து எண்கள் போதும். தவறவிட்டதை மறைத்தால் கருவி கற்றுக்கொள்ளாது. எங்களுக்கும் உங்கள் மேல் நம்பிக்கை வராது. தவறு இருந்தால் சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டோம். எட்டிமடை, நவக்கரை, வாளையார்க்காரர்கள் யானையோடு பல தலைமுறையாக இருந்து பழகியவர்கள், பொறுமை உண்டு.

எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவே பி லைனுக்கு அடியில் யானைகளுக்காக இரண்டு சுரங்கப் பாதைகளை நீங்கள் கட்டினீர்கள். அவற்றின் வழியாக யானைகள் போகத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டபோது எங்கள் டீக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சுதான். செய்தால் உங்களால் முடியும் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

கேபிளைத் தட்டிப் பார்க்கும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம். சுத்தியல் என்னிடம் இருக்கிறது. வாளையாரிலிருந்து மதுக்கரைவரை எந்தக் குழியில் எத்தனை சுற்று சுருட்டியிருக்கும் என்று பார்த்தவுடன் சொல்லும் பழைய ஜாயின்டர்கள் இன்னும் மூன்று நான்கு பேர் இந்தப் பக்கம் இருக்கிறோம். அவர்களையும் கூட்டி வருகிறேன். ஆடி பிறப்பதற்கு முன் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஃபைபர் ஜாயின்ட் வேலை பார்த்த ஒருவன்,
மதுக்கரை.